வீட்டுக்கு எத்தனை அங்குலக் கட்டர்? மழைக்கு முன் ஒரு கணக்குப் பாடம்



கூரை போடும்போது ஷீட் எந்தக் கம்பெனி, என்ன நிறம், எத்தனை கனம் என்று பல கடைகளில் விசாரிக்கிறோம். பைப் எத்தனை, ஆங்கிள் எத்தனை என்று எண்ணிப் பார்த்து வாங்குகிறோம். ஆனால் கூரையின் ஓரத்தில் மழைநீரைத் தாங்கி இறக்கும் கட்டர் என்ன அளவு இருக்க வேண்டும் என்று கேட்பவர்கள் குறைவு. "வெல்டர் கையில் இருந்ததைப் போட்டார்", "பக்கத்து வீட்டில் போட்ட அளவையே நாங்களும் போட்டோம்" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில்.

கட்டர் போட்டும் தண்ணீர் சுவரில் வழிகிறது, வாசலில் கொட்டுகிறது, பக்கத்து வீட்டு ஜன்னலில் தெறிக்கிறது என்றால் குறை மழையில் இல்லை, அளவில் இருக்கிறது. இந்த அளவைக் கண்டுபிடிக்க இன்ஜினியர் தேவையில்லை. ஒரு டேப், ஒரு பேனா, பெருக்கல் கணக்கு ஆகியவை போதும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் ஒவ்வொரு வீட்டிலும் செய்து பார்க்கக்கூடிய அந்தக் கணக்கை இந்தப் பாடத்தில் படிப்படியாகப் பார்ப்போம்.

1. இது ஏன் முக்கியம்?

நம் திருப்பூரில் வீடு என்பது பல குடும்பங்களுக்குத் தொழிற்கூடமும்தான். முன் அறையில் இரண்டு மெஷின் போட்டு பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறார்கள். பிசிறு வெட்டுகிறார்கள், செக்கிங் பார்க்கிறார்கள், மடித்துக் கட்டுகிறார்கள். கட்டர் நிரம்பி உள்பக்கமாக வழிந்தால் அந்தத் தண்ணீர் ஷீட்டுக்கும் சுவருக்கும் இடையில் இறங்கும். துருவும் அழுக்கும் கலந்த அந்தத் தண்ணீர் வெள்ளைப் பனியன் பண்டலில் ஒரு முறை பட்டால் போதும். கறை போகாது, சரக்கு திரும்பி வரும், அந்த வாரக் கூலியில் பிடித்தம் விழும்.

இரண்டாவது, சுவர். கூரைத் தண்ணீர் முழுவதும் ஒரே இடத்தில் சுவரின் அடியில் விழுந்துகொண்டே இருந்தால் மண் அரித்து அஸ்திவாரம் வெளியே தெரியும். மண் சாந்து வைத்துக் கட்டிய பழைய சுவராக இருந்தால் ஊறி உப்பும். 2019 டிசம்பர் 2ஆம் தேதி அதிகாலையில் மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில் கனமழைக்குப் பிறகு ஒரு உயரமான சுற்றுச்சுவர் இடிந்து, அதை ஒட்டியிருந்த வீடுகளின் மேல் விழுந்து 17 பேர் இறந்தார்கள். கட்டருக்கும் அந்த விபத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் மழையில் ஊறிய சுவர் எவ்வளவு ஆபத்தானது என்பதை நம் வட்டாரம் அன்று கண்ணால் பார்த்தது. சுவரை ஒட்டித் தண்ணீர் தேங்க விடக்கூடாது என்பதே நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம்.

மூன்றாவது, அண்டை வீட்டார். பெரியதோட்டம், கோம்பைத்தோட்டம் போன்ற நெருக்கமான பகுதிகளில் ஒரு வீட்டின் இறவாரத்துக்கும் அடுத்த வீட்டின் சுவருக்கும் இடையே கை நுழையும் இடம்தான் இருக்கும். அங்கே வழியும் தண்ணீர் மனக்கசப்பாக மாற அதிக நாள் ஆகாது.

2. முதல் கணக்கு: மழை எவ்வளவு வேகமாகப் பெய்கிறது?

"நேற்று 70 மில்லிமீட்டர் மழை" என்று செய்தியில் சொல்வது ஒரு நாள் முழுவதும் பெய்த அளவு. வானிலைத் துறை ஒரு நாளில் 64.5 முதல் 115.5 மி.மீ. வரை பெய்தால் கனமழை என்கிறது. ஆனால் கட்டருக்கு இந்தக் கணக்கு உதவாது. நாள் முழுக்கத் தூறி 70 மி.மீ. பெய்தால் சிறிய கட்டரே தாங்கும். கோடை இடிமழை கால் மணி நேரத்தில் 25 மி.மீ. கொட்டினால் அதே கட்டர் வழியும். கால் மணி நேரத்தில் 25 மி.மீ. என்றால் வேகம் மணிக்கு 100 மி.மீ. ஆகவே நாம் பார்க்க வேண்டியது மொத்த மழையை அல்ல, கொட்டும் வேகத்தை.

வீட்டுக் கூரைக்கு மணிக்கு 100 மி.மீ. வேகத்தைக் குறைந்தபட்சக் கணக்காக வைத்துக்கொள்ளலாம். வழிந்தால் பெரிய நஷ்டம் வரும் இடங்களுக்கு, அதாவது சரக்கு வைக்கும் அறை, மெஷின் இருக்கும் அறை, மண் சுவர் வீடு ஆகியவற்றுக்கு, மணிக்கு 150 மி.மீ. என்று வைத்துக்கொள்வது நல்லது.

இதை மனதில் நிறுத்த ஒரு எளிய வழி உண்டு. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் அது 1 லிட்டர் தண்ணீர். 100 சதுர அடி என்பது ஏறத்தாழ 9.3 சதுர மீட்டர். மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் பெய்தால் மணிக்கு 930 லிட்டர், அதாவது நிமிடத்துக்குச் சுமார் 15 லிட்டர். நம் வீட்டுப் பிளாஸ்டிக் குடம் ஏறத்தாழ அந்த அளவுதான். ஆக, 100 சதுர அடிக் கூரைக்கு நிமிடத்துக்கு ஒரு குடம் தண்ணீர். 1,000 சதுர அடிக் கூரை என்றால் நிமிடத்துக்குப் பத்துக் குடம். பத்துப் பேர் ஒவ்வொரு நிமிடமும் ஆளுக்கு ஒரு குடம் தண்ணீரை உங்கள் கட்டரில் ஊற்றிக்கொண்டே இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அதை வாங்கி இறக்க முடிகிறதா என்பதுதான் கேள்வி.

3. இரண்டாவது கணக்கு: எந்தப் பரப்பின் தண்ணீர் இந்தக் கட்டருக்கு வருகிறது?

கூரையின் நீளத்தையும் அகலத்தையும் தரையில் நின்றபடியே அளக்கலாம். சரிவின் மேல் ஏறி அளக்கத் தேவையில்லை. மழை மேலிருந்து விழுவதால் தரையளவே அடிப்படை. அதோடு மூன்று திருத்தங்கள் செய்ய வேண்டும்.

அ. முகடு வைத்து இரண்டு பக்கம் சரியும் கூரை என்றால் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனியாகக் கணக்கிட வேண்டும். ஒரு பக்கக் கட்டருக்கு அந்தப் பக்கச் சரிவின் தண்ணீர் மட்டுமே வரும்.

ஆ. காற்றோடு சாய்ந்து பெய்யும் மழையைச் சரிவான கூரை அதிகமாகப் பிடிக்கும். சரிவு குறைந்த ஷீட் கூரைக்குத் தரைப் பரப்போடு பத்தில் ஒரு பங்கு கூட்டுங்கள். 30 டிகிரி அளவுக்குச் செங்குத்தாக இருக்கும் ஓட்டுக் கூரைக்கு பத்தில் மூன்று பங்கு கூட்டுங்கள்.

இ. உங்கள் கூரைக்கு மேலே பக்கத்துக் கம்பெனிக் கட்டடமோ உங்கள் வீட்டு மாடிச் சுவரோ எழும்பி நின்றால் அந்தச் சுவரில் அடிக்கும் மழையும் வழிந்து உங்கள் கூரைக்குத்தான் வரும். அந்தச் சுவர்ப் பரப்பில் பாதியைக் கூட்டுங்கள். கூரைக்கு மேல் 10 அடி உயரமும் 30 அடி நீளமும் உள்ள சுவர் என்றால் 300 சதுர அடி. அதில் பாதி 150 சதுர அடி. நல்ல கட்டர் போட்டும் ஏன் வழிகிறது என்று புரியாமல் இருக்கும் பல வீடுகளில் விடை இந்தச் சுவரில்தான் இருக்கும். மேல் மாடித் தண்ணீர்க் குழாய் உங்கள் கூரையின் மேல் திறந்துவிடப்பட்டிருந்தால் அந்த மாடிப் பரப்பு முழுவதையும் சேர்க்க வேண்டும்.

4. கட்டர் எத்தனை அங்குலம்?

கீழே உள்ளது அரைவட்டக் கட்டருக்கான கணக்கு. கட்டரின் ஒரு முனையில் மட்டும் குழாய் இறங்குகிறது, நீளம் 20 அடிக்குள் இருக்கிறது என்று கொள்ளவும். இங்கிலாந்துக் கட்டட விதிகளில் ஒவ்வொரு அளவுக் கட்டரும் விநாடிக்கு எத்தனை லிட்டர் கடத்தும் என்று தரப்பட்டுள்ள அளவுகளை நம் மழை வேகத்துக்கும் சதுர அடிக்கும் மாற்றி, சற்றுக் குறைத்து முழு எண்ணாக்கியிருக்கிறோம்.

3 அங்குலக் கட்டர்: மணிக்கு 100 மி.மீ. மழையில் 145 சதுர அடி, 150 மி.மீ. மழையில் 95 சதுர அடி.
4 அங்குலக் கட்டர்: 300 சதுர அடி, 200 சதுர அடி.
5 அங்குலக் கட்டர்: 530 சதுர அடி, 350 சதுர அடி.
6 அங்குலக் கட்டர்: 830 சதுர அடி, 550 சதுர அடி.

அங்குலம் ஒன்று கூடினால் கொள்ளளவு ஒன்றரை மடங்குக்கு மேல் கூடுவதைக் கவனியுங்கள். 4 அங்குலத்திலிருந்து 6 அங்குலத்துக்குப் போனால் இரண்டரை மடங்குக்கும் மேல் தாங்கும். செலவில் கூடுவது தகட்டின் அகலம் மட்டுமே. வேலைக் கூலி ஏறக்குறைய ஒன்றுதான்.

நம் ஊரில் ஜி.ஐ. தகட்டை மடித்துச் செய்யும் பெட்டிக் கட்டரும் அதிகம். அதற்கு மேல் விளிம்பில் ஒரு அங்குலத்தை விட்டுவிட்டு மீதி ஆழத்தை அகலத்தோடு பெருக்குங்கள். 4 அங்குல அகலமும் 4 அங்குல ஆழமும் உள்ள பெட்டியில் பயன்படும் அளவு 4 பெருக்கல் 3, அதாவது 12 சதுர அங்குலம். 5 அங்குல அரைவட்டத்தின் முழு அளவு சுமார் 10, 6 அங்குலத்தின் அளவு சுமார் 14. ஆகவே இந்தப் பெட்டியை 5 அங்குலக் கட்டராகக் கணக்கில் வைக்கலாம். 6 அங்குல அகலமும் 4 அங்குல ஆழமும் இருந்தால் 18 சதுர அங்குலம். அது 6 அங்குல அரைவட்டத்தைவிடக் கூடுதல்.

5. இறக்குக் குழாய்: உண்மையான இடறு இங்கேதான்

எவ்வளவு பெரிய கட்டர் போட்டாலும் தண்ணீர் வெளியேறுவது குழாய் வழியாகத்தான். 8 அங்குலக் கட்டரில் 2 அங்குலக் குழாய் வைத்தால் அது கட்டர் இல்லை, கூரையில் தொங்கும் தொட்டி. நம் நாட்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் குழாயின் விட்டத்துக்கும் மழை வேகத்துக்கும் ஏற்ப எவ்வளவு கூரைப் பரப்பு என்று அட்டவணை இருக்கிறது. அதைச் சதுர அடியில் சொன்னால்:

2 அங்குலக் குழாய்: மணிக்கு 100 மி.மீ. மழையில் 70 சதுர அடி, 150 மி.மீ. மழையில் 45 சதுர அடி.
3 அங்குலக் குழாய்: 220 சதுர அடி, 145 சதுர அடி.
4 அங்குலக் குழாய்: 460 சதுர அடி, 305 சதுர அடி.
5 அங்குலக் குழாய்: 865 சதுர அடி, 575 சதுர அடி.

கடையில் 75 மி.மீ. என்று கேட்பது 3 அங்குலக் குழாய், 110 மி.மீ. என்று கேட்பது 4 அங்குலக் குழாய். 5 அங்குலத்தைத் தேடி அலைவதைவிட 4 அங்குலக் குழாயை இரண்டு இடத்தில் இறக்குவது எளிது. அதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஒன்று அடைத்துக்கொண்டால் மற்றொன்று வேலை செய்யும்.

குழாயை எங்கே வைக்கிறோம் என்பதும் கணக்கில் சேரும். ஒரு முனையில் மட்டும் வைத்தால் முழு நீளத்தின் தண்ணீரும் ஒரே பக்கமாக ஓட வேண்டும். நடுவில் வைத்தால் இரண்டு பக்கத்திலிருந்தும் பாதிப் பாதியாக வரும். கட்டரின் சுமை பாதியாகிவிடும். ஆனால் அந்த நடுக் குழாய் முழுத் தண்ணீரையும் இறக்க வேண்டும் என்பதை மறக்கக்கூடாது.

6. மூன்று வீடுகள், மூன்று கணக்குகள்

முதல் வீடு: லைன் வீடுகள்.
ஐந்து வீடுகள் வரிசையாக. ஒவ்வொன்றும் 10 அடி அகலம், 20 அடி நீளம். ஒரே பக்கம் சரியும் ஷீட் கூரை. மொத்தம் 50 பெருக்கல் 20, அதாவது 1,000 சதுர அடி. பத்தில் ஒரு பங்கு கூட்டினால் 1,100. இங்கே 50 அடிக்கும் 4 அங்குலக் கட்டரை ஓட்டி, கடைசி வீட்டு மூலையில் ஒரு 3 அங்குலக் குழாயை இறக்கினால் என்ன ஆகும்? அந்தக் குழாய் தாங்குவது 220 சதுர அடித் தண்ணீர். வருவது 1,100. ஐந்தில் ஒரு பங்குதான் குழாயில் போகும். மீதியெல்லாம் வாசலில் விழும். கடைசி வீட்டில் குடியிருப்பவர்தான் அதிகம் அவதிப்படுவார்.

சரியான ஏற்பாடு: 50 அடியை மூன்று பாகமாகப் பிரித்து ஒவ்வொரு பாகத்தின் நடுவிலும் ஒரு 4 அங்குலக் குழாய். ஒரு குழாய்க்கு வருவது 367 சதுர அடி, தாங்குவது 460. குழாயின் இரு பக்கமும் கட்டருக்கு வருவது 184 சதுர அடிதான். கணக்குப்படி 4 அங்குலக் கட்டரே போதும். ஆனால் பஞ்சும் இலையும் சேரும் என்பதால் 5 அங்குலம் போடுவது நல்லது.

இரண்டாவது வீடு: மொட்டை மாடியில் ஷீட்.
30 அடிக்கு 40 அடி வீடு. மாடியில் துணி காயப்போடவும் சரக்கு வைக்கவும் இரு பக்கம் சரியும் கலர் ஷீட் கூரை. ஒரு பக்கத்துக்கு 15 பெருக்கல் 40, அதாவது 600. பத்தில் ஒரு பங்கு சேர்த்து 660. கட்டரின் இரண்டு முனையிலும் குழாய் வைத்து நடுவில் மேடாக வைத்தால் ஒவ்வொரு பாதிக்கும் 330. சரக்கு வைக்கும் இடம் என்பதால் 150 மி.மீ. கணக்கில் பார்ப்போம். 5 அங்குலக் கட்டர் 350 வரை தாங்கும், மயிரிழையில் தப்பும். 6 அங்குலம் நிம்மதி. 4 அங்குலக் குழாய் 100 மி.மீ. மழையில் 460 தாங்கும், 150 மி.மீ. மழையில் 305தான். எனவே பக்கத்துக்கு மூன்று குழாய் வைத்தால் முழுப் பாதுகாப்பு. இரண்டு என்பது குறைந்தபட்சம்.

இந்தத் தண்ணீரை அப்படியே மொட்டை மாடித் தளத்தில் கொட்டிவிடாதீர்கள். மாடியில் இருப்பது இரண்டு 3 அங்குலத் துவாரம் என்றால் அவை இரண்டும் சேர்ந்து 440 சதுர அடித் தண்ணீரைத்தான் இறக்கும். ஷீட் கூரையின் குழாய் தனியாகத் தரை வரை வர வேண்டும்.

மூன்றாவது வீடு: ஓட்டு வீடு.
முன்பக்கச் சரிவு 20 அடி நீளம், 15 அடி ஆழம். 300 சதுர அடி. ஓட்டுக் கூரை என்பதால் பத்தில் மூன்று பங்கு சேர்த்து 390. ஒரு முனையில் ஒரே குழாய் என்றால் 100 மி.மீ. மழைக்கு 5 அங்குலக் கட்டரும் 4 அங்குலக் குழாயும் போதும். மண் சுவர் என்றால் 6 அங்குலம் போட்டு இரண்டு முனையிலும் குழாய் வையுங்கள். ஓட்டிலிருந்து தண்ணீர் வேகமாகப் பாயும் என்பதால் கட்டரின் வெளி விளிம்பு ஓட்டின் நுனியைத் தாண்டி நிற்க வேண்டும். கட்டரின் அகலத்தில் பாதிக்கு மேல் ஓட்டின் நுனிக்கு வெளியே இருக்குமாறு பொருத்தச் சொல்லுங்கள்.

7. வாட்டமும் தாங்குக் கம்பியும்

மத்திய பொதுப்பணித் துறையின் வேலை விதிகள் கட்டருக்கு 120க்கு 1 என்ற வாட்டத்தைக் குறைந்தபட்சமாகச் சொல்கின்றன. பத்து அடி என்பது 120 அங்குலம். ஆக, பத்தடிக்கு ஓர் அங்குலம் வாட்டம். இதைக் கண்ணளவில் விடாமல் ரசமட்டக் குழாய் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் மேட்டுப் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். ஐந்து நிமிடம் கழித்து எங்காவது தண்ணீர் நின்றால் அந்த இடம் தொய்ந்திருக்கிறது. பணம் கொடுத்து முடிப்பதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

தண்ணீர் நிரம்பிய கட்டர் எவ்வளவு கனம் என்று பலருக்குத் தெரிவதில்லை. 6 அங்குல அரைவட்டக் கட்டர் அடிக்கு 2.7 லிட்டர் பிடிக்கும். 20 அடிக்கு 54 கிலோ. 6 அங்குலச் சதுரப் பெட்டி என்றால் அடிக்கு 7 லிட்டர். 20 அடிக்கு 140 கிலோ. குழாய் அடைத்துக்கொண்ட இரவில் இந்தக் கனம் முழுவதும் தாங்குக் கம்பிகளில் தொங்கும். கீழே குழந்தைகள் நடமாடும் வாசல். எனவே இரண்டு மூன்று அடிக்கு ஒரு கம்பி அவசியம். அது சுவரிலோ பர்லினிலோ பிடிக்கப்பட்டிருக்க வேண்டும். ஷீட்டின் நுனியில் மட்டும் ஸ்க்ரூ போட்டுத் தொங்கவிடக் கூடாது.

பழைய சிமெண்ட் ஷீட் கூரையில் வேலை செய்பவர்கள் கவனிக்க: ஆஸ்பெஸ்டாஸ் கலந்த ஷீட்டை உலர்ந்த நிலையில் அறுப்பதும் துளையிடுவதும் நுரையீரலைக் கெடுக்கும் தூசியைக் கிளப்பும். தண்ணீர் தெளித்து நனைத்து, மூக்கை மூடிக்கொண்டு வேலை செய்யுங்கள். அந்த ஷீட்டின் மேல் நேரடியாகக் கால் வைக்காமல் பலகை போட்டு ஏறுங்கள்.

8. பஞ்சு, இலை, கொசு

மற்ற ஊர்களில் கட்டரை அடைப்பது இலை. நம் ஊரில் அதோடு பஞ்சும் சேரும். நிட்டிங், கட்டிங் நடக்கும் இடங்களிலிருந்து பறக்கும் பஞ்சுத் தூசி கூரையில் படிந்து முதல் மழையில் வழிந்து குழாயின் வாயில் துணி போலப் படியும். மெல்லிய கொசுவலையை வாயில் கட்டினால் அதுவே அடைப்பாகிவிடும். அரை அங்குலக் கண் உள்ள கம்பி வலையைக் குவித்து, கிண்ணத்தைக் கவிழ்த்தது போல வைப்பது நல்லது. மேலே அடைத்தாலும் பக்கவாட்டில் தண்ணீர் இறங்கும். குழாயின் அடியில் ஒரு கிளீனிங் மூடி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டுக்கு இரண்டு முறை, சித்திரை இடிமழைக்கு முன்பும் ஐப்பசி மழைக்கு முன்பும், கட்டரைச் சுத்தம் செய்தால் போதும். தனியாக ஏணியில் ஏறாதீர்கள். ஒருவர் கீழே பிடித்துக்கொள்ள வேண்டும். மின்கம்பி அருகில் செல்லும் வீடுகளில் இரும்பு ஏணி வேண்டாம்.

தொய்ந்த கட்டரில் ஒரு விரற்கடைத் தண்ணீர் ஒரு வாரத்துக்கு மேல் நின்றாலே டெங்குக் கொசு முட்டையிட்டு வளர்ந்து பறந்துவிடும். வீட்டுக்குள் டிரம்மையும் டயரையும் கவிழ்த்து வைத்துவிட்டுத் தலைக்கு மேலே இருக்கும் கட்டரை விட்டுவிடுகிறோம். பத்தடிக்கு ஓர் அங்குல வாட்டம் இதற்கும் மருந்து.

9. தண்ணீர் எங்கே போய்ச் சேருகிறது?

இறவாரத் தண்ணீர் பிறர் மேல் விழுவது பழைய விஷயம். முஸ்னது அஹ்மதில் ஒரு சம்பவம் பதிவாகியிருக்கிறது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஜும்ஆவுக்குச் செல்லும் வழியில் அப்பாஸ் (ரலி) அவர்களின் வீட்டுத் தண்ணீர்த் தூம்பு இருந்தது. அன்று அதிலிருந்து கோழிக் குஞ்சு அறுத்த இரத்தம் கலந்த தண்ணீர் உமர் (ரலி) அவர்களின் உடையில் விழுந்தது. தூம்பை அகற்றும்படி உத்தரவிட்டு, உடை மாற்றிக்கொண்டு போய்த் தொழுகை நடத்தினார்கள். பின்னர் அப்பாஸ் (ரலி) அவர்கள் வந்து, அதை அந்த இடத்தில் வைத்தவர்கள் நபி (ஸல்) அவர்கள் என்று சொன்னபோது, உமர் (ரலி) அவர்கள் தம் முதுகின் மேல் ஏறி நின்று அதைத் திரும்ப வைக்கும்படி வற்புறுத்தினார்கள். வழியில் போகிறவர் மேல் நம் தண்ணீர் விழுந்தால் அது கவனிக்க வேண்டிய குறை. அதேபோல் விசாரிக்காமல் பிறர் வீட்டுத் தூம்பில் கை வைப்பதும் சரியல்ல. இரண்டையும் இந்த ஒரே சம்பவத்தில் பார்க்கலாம்.

நாட்டுச் சட்டமும் இதைப் பேசுகிறது. 1882ஆம் ஆண்டின் இந்திய ஈஸ்மென்ட் சட்டப்படி, வெளிப்படையாகவும் தடையில்லாமலும் உரிமையாகவும் 20 ஆண்டுகள் அனுபவித்து வந்தால் பிறர் நிலத்தின் மேல் அத்தகைய உரிமையைக் கோர வழியுண்டு. புதிதாகக் கூரை போடுபவருக்கு அப்படி எந்த உரிமையும் இல்லை. பக்கத்து இடத்தில் தண்ணீர் விழத்தான் வேண்டும் என்ற நிலை இருந்தால் முதலிலேயே பேசி, சம்மதத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வேலை தொடங்கிய பிறகு பேசுவதைவிட முன்பே பேசுவது உறவைக் காக்கும்.

தெருவில் விடுவதும் தீர்வல்ல. 2011 நவம்பரில் ஜம்மனை ஓடையில் பெருகிய வெள்ளம் கரையோர வீடுகளை அடித்துச் சென்றது, உயிர்களும் போயின. ஒவ்வொரு கூரையும் தன் தண்ணீரை ஒரே நேரத்தில் தெருவுக்கு அனுப்பினால் அது போய்ச் சேருவது அந்தப் பள்ளங்களுக்குத்தான். பாதாளச் சாக்கடை இணைப்பில் மழைநீர்க் குழாயைச் செருகினால் கழிவுநீர் திரும்பி வீட்டுக்குள் வரும்.

தமிழக அரசு 2003ஆம் ஆண்டு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. சட்டத்துக்காக மட்டும் அல்ல, நம் தேவைக்காகவும் அது வேண்டும். சாயக்கழிவால் நொய்யல் எப்படி ஆனது, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் நிலை எப்படி வந்தது என்பதெல்லாம் நமக்குத் தெரிந்ததே. உப்பு ஏறிய நிலத்தடி நீர் உள்ள ஊரில் கூரையில் விழுவது உப்பில்லாத நீர். 1,000 சதுர அடிக் கூரையில் ஆண்டுக்கு 600 மி.மீ. மழை பெய்து, அதில் ஐந்தில் நான்கு பங்கைப் பிடித்தால் 44,000 லிட்டருக்கு மேல் கிடைக்கும். 12,000 லிட்டர் லாரிக் கணக்கில் மூன்றரை லாரிக்கும் கூடுதல்.

முதல் மழையின் அழுக்கையும் பஞ்சையும் வெளியே விட ஒரு திருப்பு வால்வு வையுங்கள். பிறகு வடிகட்டித் தொட்டிக்கோ கிணற்றுக்கோ விடலாம். இடமில்லாத வீடுகளில் சுவரிலிருந்து தள்ளி ஒரு உறிஞ்சு குழி போதும். இந்தத் தண்ணீரைத் துவைக்கவும் கழுவவும் தாராளமாகப் பயன்படுத்தலாம். வடிகட்டிக் கொதிக்க வைக்காமல் குடிக்க வேண்டாம்.

10. வெல்டரிடம் பேசும் முன் எழுதி வைக்க வேண்டியவை

1. எந்தச் சரிவு, எத்தனை சதுர அடி, திருத்தங்கள் சேர்த்து எவ்வளவு?
2. கட்டர் எத்தனை அங்குலம், எந்தத் தகடு, எத்தனை கனம்? "அடிக்கு இவ்வளவு" என்று மட்டும் விலை சொன்னால் அளவையும் கனத்தையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள்.
3. குழாய் எத்தனை, எந்த அளவு, எங்கெங்கே?
4. வாட்டம் எந்தப் பக்கம், பத்தடிக்கு எவ்வளவு?
5. தாங்குக் கம்பி எத்தனை அடிக்கு ஒன்று, எதில் பிடிப்பது?
6. வலை, கிளீனிங் மூடி உண்டா?
7. தண்ணீர் கடைசியில் எங்கே விழும்? அது யாருடைய இடம்?

வாடகைக்கு இருப்பவர்கள் இந்த ஏழையும் வீட்டுக்காரரிடம் காட்டிப் பேசலாம். புதிய கட்டர் போட அவருக்கு இப்போது இயலாவிட்டாலும், இருக்கும் கட்டரில் இன்னொரு குழாயை இறக்குவது சிறிய செலவுதான். பல வீடுகளில் அதுவே வழிவதைப் பெருமளவு குறைத்துவிடும்.

பயிற்சிக் கணக்கு

25 அடி நீளம், 16 அடி ஆழம் உள்ள ஒரு பக்கச் சரிவு ஓட்டுக் கூரை. மணிக்கு 100 மி.மீ. மழை. கட்டரும் குழாயும் என்ன அளவு? வீட்டில் பள்ளி செல்லும் பிள்ளைகளைப் போடச் சொல்லுங்கள்.

விடை: 25 பெருக்கல் 16, அதாவது 400 சதுர அடி. பத்தில் மூன்று பங்கு சேர்த்து 520. ஒரே 4 அங்குலக் குழாய் 460 தாங்கும், போதாது. இரு முனையிலும் குழாய் வைத்தால் ஒவ்வொன்றுக்கும் 260. 3 அங்குலக் குழாய் 220தான் தாங்கும். எனவே 4 அங்குலக் குழாய் இரண்டு. பாதி நீளத்துக்கு 260 வருவதால் 4 அங்குலக் கட்டர் 100 மி.மீ. மழைக்குச் சரி. மழை 150 மி.மீ. வேகத்தைத் தொட்டால் அது 200தான் தாங்கும். எனவே 5 அங்குலம் போடுவதே நல்லது.

மழை நின்ற பிறகு வெல்டரும் பிளம்பரும் எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்தில் தேவைப்படுவார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே டேப்பை எடுத்து அளந்து, மேலே உள்ள ஏழு கேள்விகளுக்கும் விடையை எழுதி வையுங்கள். பக்கத்து வீட்டில் வயதானவர்களோ தனியாக இருக்கும் பெண்களோ இருந்தால் அவர்களின் கூரையையும் சேர்த்து அளந்து கொடுங்கள். இன்ஷா அல்லாஹ், இந்த ஐப்பசி மழை யார் வீட்டுச் சுவரையும் நனைக்காமல் தொட்டிகளிலும் கிணறுகளிலும் போய்ச் சேரட்டும்.